கோயில் மைக்கில் அம்மோனியா

கேஸ் கசிவு ஒத்திகை நடந்த அன்று என் அம்மா ஈரத் துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு சிரித்தாள். மறுநாள் பேப்பரில் அந்தப் படம் வந்தது. கீழே ‘விழிப்புணர்வு பெற்ற மீனவப் பெண்கள்’ என்று போட்டிருந்தார்கள். அம்மா என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “அப்போ இத்தினி நாளா நாங்கல்லாம் தூங்கிகினா இருந்தோம்?” என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அப்படி எழுதியவன்மேல் கோபமும் வந்தது. எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரமே வரும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் ஆசிட். எனக்கு அது தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ராயபுரத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். பிறந்து வளர்ந்தது திருவொற்றியூருக்கு வடக்கே, எண்ணூர் போகும் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஒரு குப்பத்தில். கட்டிக்கொண்டு போனது கொடுங்கையூருக்கு. அங்கே குப்பைமேடு எரிகிற நாளில் மொட்டை மாடியில் துணி காயப்போட முடியாது. ஆக, மூச்சு விடுவதில் உள்ள கஷ்டம் பற்றி யாரும் எனக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

குப்பத்து வீட்டில் இப்போது அம்மாவும் என் தம்பியும் இருக்கிறார்கள். தம்பி ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறான். அவன் கொண்டுவருவதை அம்மா கூடையில் எடுத்துக்கொண்டு போய்த் தெருத்தெருவாக விற்கிறாள். அம்மாவுக்கு இழுப்பு உண்டு. பனிக்காலம் வந்துவிட்டால் அவள் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கும். கூடையை இறக்கி வைத்துவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். டாக்டர் கொடுத்த இன்ஹேலரைச் சுருக்குப் பையில் வெற்றிலை பாக்கோடு சேர்த்துப் போட்டு வைத்திருப்பாள். அதில் ஒட்டிய சுண்ணாம்பைத் துடைத்துத் துடைத்து நான்தான் அலுத்துப்போனேன். சென்ற வருடம் ஒருமுறை பாதி ராத்திரியில் மூச்சு நின்றுபோகும் நிலைக்குப் போனபோது, டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, புகையோ நெடியோ இன்னொரு தடவை பலமாக உள்ளே போனால் தாங்காது என்று சொன்னார். அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் வியாபாரத்துக்குப் போவதை நிறுத்தியிருக்க மாட்டாள்.

அந்தப் பயத்தில்தான் அறிவியலை மக்களிடம் கொண்டுபோகும் ஒரு திட்டத்தில் போய்ச் சேர்ந்தேன். எங்கள் பக்கத்தில் திரும்பின பக்கமெல்லாம் புகைபோக்கி. என்றைக்காவது ஒரு நாள் கண் எரியும், தொண்டை கரகரக்கும். “கம்பெனிக்காரன் தொறந்து வுட்டுட்டான்” என்று சொல்லிவிட்டுப் பெண்கள் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். எதைத் திறந்துவிட்டான், அது உடம்பை என்ன செய்யும், அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் வந்து சொன்னதில்லை. தொழிற்சாலை வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. அதற்குள்ளே என்ன இருக்கிறது என்ற விளக்கம் மட்டும் இன்னும் வழியிலேயே இருக்கிறது. அந்த விளக்கத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலைக்குத்தான் இப்போது சயின்ஸ் கம்யூனிகேஷன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

திட்டத்தின் அதிகாரியாக வந்தவர் என்னைவிட ரொம்பச் சின்னவர். அதையே தனிப் படிப்பாகப் படித்தவர். புரியவைப்பதற்கு ஒரு பட்டமா என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மனிதர் நல்லவர். வெயிலில் எங்களோடு மணலில் உட்கார்ந்தார், கருவாட்டுக் குழம்பு ஊற்றியதைச் சாப்பிட்டார். எல்லாவற்றையும் லேப்டாப்பில் தட்டிக்கொண்டே இருப்பார் என்பதைத் தவிர அவர்மேல் எனக்கு வேறு குறையில்லை.

அம்மன் கோயில் வாசலில் நான் ஒரு சோதனை செய்து காட்டினேன். ஒரு கண்ணாடிக் குடுவை நிறைய அம்மோனியாவைப் பிடித்துக் கவிழ்த்துவைத்து, அதிலிருந்து ஒரு குழாயைக் கீழே இருக்கும் தண்ணீருக்குள் விட்டால் போதும். அம்மோனியாவுக்குத் தண்ணீர் என்றால் உயிர். தண்ணீர் தானாகவே மேலே ஏறிக் குடுவைக்குள் ஊற்றுப் போலப் பீய்ச்சும். அதில் ஒரு சொட்டு மருந்து கலந்திருப்பேன், தண்ணீர் ஏறும்போதே ரோஸ் நிறமாக மாறிவிடும். குப்பமே ‘ஹோ’ என்றது. “தண்ணியப் பாத்தா இன்னா ஓட்டம் ஓடுது பாரு, அப்டியே உன் தம்பி மாரி,” என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அப்போது சொன்னேன்: இந்தக் கேஸ் வந்தால் வீட்டுக்குள்ளேயே இருங்கள், கதவையும் சன்னலையும் சாத்துங்கள், ஈரத் துணியை மூக்கில் கட்டுங்கள், துணியில் இருக்கும் தண்ணீர் கேஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அத்தனை பேருக்கும் புரிந்தது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பிறகு ‘அவர்களுக்குப் புரியவில்லை’ என்று சிலர் சொன்னபோது எனக்கு எரிச்சல் வந்ததே, அதற்குக் காரணம் இதுதான்.

அடுத்த கேள்வி, கேஸ் வந்துவிட்டது என்பதை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் எப்படிச் சொல்வது. போனில் செய்தி அனுப்பலாம் என்றார் அதிகாரி. பெண்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். இருக்கிற போன் ஆம்பளையோடு கடலுக்குப் போய்விடும், இல்லையென்றால் பிள்ளை கையில் விளையாட்டுக்குப் போய்விடும். சங்கு ஊதலாம் என்றார். நாள் முழுக்க ஏதாவது ஒரு கம்பெனியில் ஷிப்ட் சங்கு ஊதிக்கொண்டேதான் இருக்கும், யார் காதில் வாங்குவார்கள்? அப்போது ஊர்த் தலைவர், “கோயில் மைக்கு கீதே சார், அத்த வுட இன்னா வோணும்?” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அம்மாவும்தான். “கோயில் மைக்குனா செவுடனுக்கும் கேக்கும்,” என்றாள். நானும் சரி என்றேன். ஒரு வாய் கூட மறுத்துப் பேசவில்லை.

மீன்பிடித் தடைக்காலத்தில் ஒத்திகை வைத்தோம்; தடை விசைப்படகுக்குத்தான் என்றாலும் எங்கள் ஊர்க் கட்டுப்பாட்டில் ஃபைபர் போட்டும் அப்போது இறங்காது. அப்போதுதான் ஆண்கள் ஊரில் இருப்பார்கள், கூட்டம் சேரும் என்று கணக்கு. போட்டெல்லாம் கரையில் ஏறிக் கிடந்தது. ஆண்கள் மணலில் உட்கார்ந்து வலை கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் எழுதிக்கொடுத்த அறிவிப்பைத் தலைவர் மைக்கில் வாசித்தார். சனங்கள் வீட்டுக்குள் போனார்கள், கதவைச் சாத்தினார்கள், ஈரத் துணி கட்டினார்கள். முடிந்ததும் எல்லோருக்கும் மோர் கொடுத்தோம். அம்மா படத்துக்குச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிறகு மார்கழி வந்தது. அரையாண்டு லீவு. அம்மாவுக்கு ஒரு வாரமாக இழுப்பு அதிகம் என்று தம்பி போனில் சொன்னதால் நான் குப்பத்துக்கு வந்து தங்கியிருந்தேன். ஆஸ்பத்திரிக்கு வா என்று அவளோடு தினமும் சண்டை. “மார்கழில மாவுலாசு மீனு நல்லா போவும், நீ சும்மா கெட,” என்பாள். மூச்சை இழுத்து இழுத்துக்கொண்டு இதைச் சொல்வாள். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கும்.

அன்று விடிந்து வெயில் இன்னும் ஏறவில்லை. தம்பி இருட்டோடேயே கடலுக்குப் போய்விட்டான். ஊரில் இருந்த ஆண்களில் முக்கால்வாசிப் பேர் கடலில். வாடைக்காற்று வடக்கிலிருந்து சில்லென்று அடித்துக்கொண்டிருந்தது. கடல் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது என்று தம்பி கிளம்பும்போதே சொல்லிவிட்டுப் போயிருந்தான். கோயில் ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் அம்மாவுக்கு ஆவி பிடிக்க வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு, மெயின் ரோட்டு முனையில் இருக்கும் அண்ணாச்சி கடைக்குப் பால் வாங்கப் போனேன். கோயிலும் அந்தக் கடைக்குப் பக்கத்தில்தான், குப்பத்தின் தெற்குக் கோடியில். வடக்குக் கோடியில் ஒரு ஐஸ் கம்பெனி. மீனுக்குப் போடுகிற ஐஸ் எங்கள் சனங்களுக்கு அங்கிருந்துதான் வரும். அதன் மதிலை ஒட்டித்தான் போட்டு வந்து சேரும் கரைக்குப் பாதை.

பால் பாக்கெட்டைக் கையில் வாங்கும்போதே மூக்கில் ஏறியது. மூத்திரச் சந்து நெடி மாதிரி, ஆனால் பத்து மடங்கு கூர்மையாக. வருடக் கணக்காக இந்த நெடியோடு பழகியவள், இது என்னவென்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்குள் ஐஸ் கம்பெனியில் வேலை செய்யும் ஒருவர் சட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு ஓடிவந்தார். “பைப்பு புட்டுகிச்சு, அம்மோனியா லைனு, நிக்கவே மாட்டேங்குது,” என்றார். நாங்கள் பெரிய பெரிய புகைபோக்கிகளையே பார்த்துப் பயந்துகொண்டிருந்தோம். தினமும் கூடையோடு போய் வரும் ஐஸ் கம்பெனியை, அங்கே ஐஸ் உறைவதே அம்மோனியாவால்தான் என்பதை, ஒருவரும் நினைக்கவில்லை.

பால் பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன். நல்லவேளை, தலைவர் அங்கேயே இருந்தார். அவர் தீயணைப்புக்குப் போன் செய்தார், இன்னொரு கையால் பாட்டை நிறுத்தினார். “நீயே பேசு டீச்சரு, உனக்குத்தான் தெரியும்,” என்று மைக்கை என் கையில் கொடுத்தார். நான் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தேன். சத்தம் வந்தது. ஒத்திகைக்கு எழுதிய வாசகம் எனக்கு மனப்பாடம். “அன்பார்ந்த ஊர்ப் பொதுமக்களே, அம்மோனியா வாயுக் கசிவு ஏற்பட்டுள்ளது. யாரும் வெளியே வர வேண்டாம். கதவு, சன்னல்களை உடனே மூடுங்கள். ஈரத் துணியால் மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.”

கதவுகள் திறந்தன.

ஒரு கதவு இல்லை, சந்து சந்தாக எல்லாக் கதவும். பெண்கள் வெளியே வந்தார்கள். தலையை முடியாமல், கையில் கரண்டியோடு, இடுப்பில் குழந்தையோடு. அவர்கள் நிற்கவில்லை. வடக்கே ஓடினார்கள், கரையைப் பார்த்து, ஐஸ் கம்பெனி மதில் இருக்கும் பக்கமாகவே. இன்னும் சத்தமாக வாசித்தேன். இன்னும் சத்தமாக வாசிக்க வாசிக்க இன்னும் நிறையப் பேர் வெளியே வந்தார்கள். அந்த நொடியில் எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் பெரிதாக இருந்தது. குடுவையை வைத்து, ரோஸ் தண்ணீரைக் காட்டி, படித்துப் படித்துச் சொன்னேனே, ஒரு வார்த்தை தலையில் ஏறவில்லையா என்று பல்லைக் கடித்தேன்.

பக்கத்துச் சந்துப் பெண் ஒருத்தி கோயிலைத் தாண்டி ஓடும்போது நின்று, தலைவரைப் பார்த்து, “எந்தப் போட்டு? யாருண்ணா?” என்று கேட்டாள். அவள் கண் என் பக்கம் திரும்பவேயில்லை. நான் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்த எதுவும் அவள் காதில் விழவேயில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் கோயில் பாட்டு பாதியில் நின்று, மைக்கைத் தட்டும் சத்தம் கேட்டு, மனிதக் குரல் ஒன்று பேச ஆரம்பித்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். கடலில் யாரோ போய்விட்டார்கள். அதற்குமேல் என்ன சொல்கிறார்கள் என்று யாரும் நின்று கேட்பதில்லை. பெண்கள் கரைக்கு ஓடுவார்கள். அப்படி ஓடுவதைச் சின்ன வயதிலிருந்து நான் பார்த்திருக்கிறேன். என் அப்பா போன அன்றும் அம்மா அப்படித்தான் ஓடியிருப்பாள். நான் அன்று பள்ளிக்கூடத்தில் இருந்தேன், சாயங்காலம்தான் எனக்குத் தெரியும். இத்தனையும் தெரிந்திருந்தும், கூட்டத்தில் உட்கார்ந்து மைக்குக்குத் தலையாட்டிய எங்களில் ஒருவருக்கும், தலைவருக்கோ அம்மாவுக்கோ எனக்கோ, இது தோன்றவில்லை. ஒத்திகையில் சரியாக நடந்தது என்றால், அதற்குக் காரணம் அன்று எல்லாப் போட்டும் மணலில் இருந்ததுதான். கடலில் ஆளே இல்லாதபோது எந்த மைக்கைக் கேட்டு யார் பயப்படுவார்கள்?

அந்த நேரத்தில் அம்மாவைப் பார்த்தேன்.

கோயில் திண்டின்மேல் நின்றால் நடுத் தெரு வடக்குக் கோடி வரைக்கும் தெரியும். அம்மா நீலப் புடவையில் எங்கள் சந்திலிருந்து வெளியே வந்தாள். மற்றவர்கள் அவளைத் தாண்டி ஓடினார்கள். அவளால் ஓட முடியவில்லை. ஒரு கை நெஞ்சில். கொஞ்சம் நடந்து, கொஞ்சம் நின்று, வலை கட்டும் கூடம் வரைக்கும் போய் அதன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். வலைக் கூடத்துக்கு அந்தப் பக்கம் ஐஸ் கம்பெனி மதில். மதிலை ஒட்டித் தரையோடு தரையாக வெள்ளையாக ஒன்று பரவிக்கொண்டிருந்தது. பார்த்தால் மார்கழிப் பனி என்றுதான் யாரும் நினைப்பார்கள். டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னது என் காதுக்குள் ஓடியது.

“யாரும் வெளியே வர வேண்டாம், இது கேஸ், இது கேஸ்,” என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். அம்மா கம்பத்தைப் பிடித்தபடி கோயில் பக்கம் திரும்பினாள். நின்றாள். என் குரலை அடையாளம் கண்டுகொண்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அங்கேயே நில்லம்மா, அங்கேயே நில் என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஆனால் மற்றவர்கள் நிற்கவில்லை. முன்னால் போனவர்கள் மதிலை நெருங்கிவிட்டார்கள், இருமும் சத்தம் கேட்டது. இரண்டு பேர் குழந்தையோடு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் என் தோளைப் பிடித்தார். “போட்டு பத்திரம்னு சொல்லு.”

“உனக்குத் தெரியுமாண்ணா?”

“அத்த அப்பால பாத்துக்கலாம். சொல்லு நீ.”

எனக்குத் தெரியாது. கடலில் ஒரு போட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. காற்று பலமாக இருந்தது. என் தம்பி எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. அளந்து பார்க்காத எண்ணை ரெக்கார்டு நோட்டில் எழுதிய பிள்ளைகளை நான் வெளியே நிற்க வைத்திருக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதுதான் அறிவியல் என்று இருபது வருடமாகக் கரும்பலகைக்கு முன்னால் நின்று கத்தியவள் நான். ஆனால் குழந்தையோடு ஓடுகிறவளை நிறுத்த வேறு எதுவும் என்னிடம் இல்லை.

எழுதி வைத்த வாசகத்தை விட்டுவிட்டேன். எங்கள் பேச்சில் சொன்னேன்: “கடலுக்குப் போன போட்டு எல்லாம் பத்திரமா கீது. யாருக்கும் ஒண்ணும் ஆவல. எல்லாரும் வூட்டுக்குத் திரும்புங்க. கதவ சாத்துங்க.”

நின்றார்கள். சாவி தீர்ந்த பொம்மைகள் போல ஒவ்வொருத்தியாக நின்றார்கள். ஒருத்தி தலையில் கைவைத்து மணலிலேயே உட்கார்ந்தாள், இன்னொருத்தி அவளை இழுத்துக்கொண்டு திரும்பினாள். நான் அதையே மறுபடி மறுபடி சொன்னேன். மதில் பக்கம் போனவர்கள் புடவை முந்தானையை மூக்கில் அடைத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். கதவுகள் சாத்தும் சத்தம் வரிசையாகக் கேட்டது. பிழைத்தோம் என்று நினைத்தேன்.

எல்லோரும் தெற்கே வந்துகொண்டிருந்தபோது, அம்மா கம்பத்தை விட்டாள். திரும்பி வடக்கே ஓட ஆரம்பித்தாள்.

நடையில்லை, ஓட்டம். முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற என் அம்மா, வருகிறவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். ஒருத்தி அவள் கையைப் பிடித்தாள், உதறினாள். நான் மைக்கில் “யம்மா” என்று கத்தினேன். ஊர் முழுக்கக் கேட்டது. “யம்மா, போட்டு பத்திரம்மா, திரும்பி வாம்மா.” அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அந்த வெள்ளைக்குள்ளே நீலப் புடவை இடுப்பு வரைக்கும் தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை.

மைக்கைத் தலைவரிடம் தள்ளிவிட்டு, துப்பட்டாவைக் கோயில் தொட்டித் தண்ணீரில் முக்கி முகத்தில் கட்டிக்கொண்டு ஓடினேன். ஐஸ் கம்பெனி ஆள் என் பின்னாலேயே வந்தார். கண்ணைத் திறக்க முடியவில்லை. மதில் முடியும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், முகம் மணலில் பட அம்மா கிடந்தாள். ஒரு கை கரைப் பக்கம் நீட்டியிருந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேற்கே, காற்றுக்குக் குறுக்கே, ரோட்டுக்கு இழுத்து வந்தோம். அண்ணாச்சி கடை வாசலில் நின்ற ஆட்டோவை வரவழைத்து அதில் போட்டேன். வழி முழுக்க அவள் வாயிலிருந்து நுரை வந்தது. நான் அவளைத் திட்டிக்கொண்டே போனேன். அழவில்லை, திட்டினேன். “பைத்தியமா உனக்கு, சொன்னா கேக்க மாட்டியா, உயிர வாங்குறியே,” என்று அரசாங்க ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் திட்டினேன்.

தீயணைப்புக்காரர்கள் வந்து வால்வை அடைத்தார்கள். பத்துப் பதினைந்து பேருக்குக் கண் எரிச்சல், இருமல், சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போட்டெல்லாம் ஒன்றுவிடாமல் கரைக்கு வந்தது. தம்பி மீன் செதிலோடு அப்படியே ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றான். நான் தெரியாமல் சொன்ன வார்த்தை நிஜமாகிப் போனது. அம்மா மட்டும் உள்ளே, குழாய் வைத்துப் படுத்திருந்தாள். கண் திறக்கவில்லை. நுரையீரல் வெந்திருக்கிறது, இரண்டு நாள் போகட்டும், அப்புறம்தான் சொல்ல முடியும் என்றார்கள்.

அதிகாரி மறுநாள் வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். முகம் வெளுத்திருந்தது. “மக்கள் பீதியடைஞ்சிட்டாங்க மேடம். அதுக்குத்தான் நாம இன்னும் நிறைய விழிப்புணர்வு கொடுக்கணும்,” என்றார்.

எனக்கு உச்சந்தலையில் ஏறியது. “பீதி இல்ல சார். அந்த மைக் அவங்க பொறந்ததுலேர்ந்து என்ன சொல்லிட்டு இருக்கோ, அதைத்தான் அவங்க கேட்டாங்க. நாம ஒரு நாள் வந்து அது வாயில வேற வார்த்தைய வச்சோம். தப்பு அவங்க காதுல இல்ல.” வராந்தாவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பெஞ்சில் வைத்துவிட்டு, “ஆனா நீங்க கடைசியா சொன்ன அந்த வாக்கியம் மேடம். போட்டு பத்திரம்னு. அதுதான் எல்லாரையும் காப்பாத்திச்சு. இனிமே எல்லாக் குப்பத்துலயும் அறிவிப்போட முதல் வரியா அதையே வைக்கலாம்னு எழுதப்போறேன்,” என்றார். நல்ல யோசனைதான் என்று எனக்கும் பட்டது. பொய்யாகச் சொல்லக்கூடாது, போட்டுகளுக்கு வயர்லெஸ்ஸில் கேட்டுவிட்டு நிஜத்தைச் சொல்ல வழி செய்யுங்கள் என்றேன். ஆனாலும் உள்ளுக்குள்ளே, அந்த நெருக்கடியில் சரியான வார்த்தை என் வாயில் வந்ததே என்று ஒரு ஆறுதல் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா கண் விழித்தாள். குழாயை எடுத்துவிட்டு முகமூடி மட்டும் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டாள், ஆனால் இனிமேல் கூடை தூக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். தம்பியைப் பார்த்ததும் அவன் கன்னத்தை, தோளை, விரலை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அவன் டீ வாங்க வெளியே போனதும் முகமூடியைக் கையால் விலக்கினாள். குரல் சுரண்டினாற்போல வந்தது.

“போட்டு பத்திரம்னு சொன்னியே. யாரு சொன்னா உனுக்கு?”

“யாரும் சொல்லலம்மா.”

“தெரியாமயா சொன்ன?”

“எல்லாரும் கேஸுக்குள்ள ஓடுறீங்க, நான் என்ன பண்ணட்டும்? அத்த சொன்னதும்தான் எல்லாரும் நின்னாங்க. நீ ஒருத்திதான் ஓடுன. நின்னுகினு தான இருந்த? எதுக்கும்மா ஓடுன?”

அவள் இரண்டு மூச்சு இழுத்தாள். முகமூடியை வைக்கப் போனேன், என் கையைத் தள்ளினாள்.

“உன் கொரலு கேட்டுச்சு. கேஸு கேஸுனு கத்திகினு இருந்த. சரி, நம்ம பொண்ணு பாடம் எடுக்குது, போட்டு விசயம் இல்லனு நின்னுட்டேன். திரும்பலாம்னுதான் இருந்தேன்.”

“அப்புறம் என்ன?”

“உங்கப்பா போன அன்னிக்கும் மைக்குல அத்தயேதான் சொன்னானுங்க. போட்டு எல்லாம் பத்திரம், பொம்பளைங்க வூட்டுக்குப் போங்கன்னு. பொம்பளைங்க கரைல வந்து அழக்கூடாதுன்னு அப்டி சொல்லி வுட்டானுங்க. நானும் நம்பி வந்து சோத்துக்கு ஒல வெச்சேன். பொணத்த தூக்கினு வரப்போ கூட நான் சோறு வடிச்சிகினுதான் இருந்தேன்.” கண்ணை மூடித் திறந்தாள். “நீ அத்த சொன்னியா. தம்பி கடலோட பூட்டான்னு தெரிஞ்சிபோச்சு. அதான் ஓடுனேன்.”